சுவரும் வியர்க்கும்

குளிர்ந்த நீர் நிரம்பிய பித்தளைச் செம்பின் வெளிப்புறத்தில் துளிகள் அரும்புவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். செம்பு ஒழுகுவதில்லை; சுற்றியுள்ள காற்றிலிருக்கும் நீராவியே குளிர்ந்து நீராகிறது. கனடா போன்ற குளிர்நாடுகளில் இதே நிகழ்ச்சி வீட்டுச் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து, மரத்தையே இற்றுப்போகச் செய்வதுண்டு. அதனை ஈண்டு ஆராய்வோம்.

20 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும்; 0 டிகிரியிலோ 5 கிராம் அளவே தாங்கும். எஞ்சியது நீராகப் பிரியும். அவ்வாறு பிரியத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. 21 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 40 ஒப்பு ஈரப்பதமும் உள்ள அறைக்காற்றின் பனிநிலை சுமார் 7 டிகிரி.

அந்நாட்டு வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டங்களால் ஆனவை. சட்டத்தின் இருபுறமும் பலகை, நடுவே இடைவெளி. வெப்பம் வெளியேறாதிருக்க இவ்விடைவெளியைக் கண்ணாடிப் பஞ்சால் நிரப்புவது பழைய முறை. பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. சமையலறையிலும் குளியலறையிலும் எழும் ஆவி இடுக்குகள் வழியே நுழைந்து, 7 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து கிடக்கும் வெளிப்பலகையில் பட்டு நீராகும்.

இதற்கு மாற்றாக வந்ததே தெளிப்பு நுரை. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் உருவாக்கிய பாலியூரித்தேன் இனத்தைச் சேர்ந்தது இது. இரு திரவங்கள் குழாய்முனையில் கலந்து, சுவரில் பட்டதும் பொங்கிப் பருத்து இறுகி இடுக்குகளை அடைக்கும். இதில் இரு வகை உண்டு. கண்ணறை திறந்த நுரை இலேசானது; காற்றை நிறுத்தினாலும் ஆவியைக் கசியவிடும். ஆகவே கடுங்குளிர் நாட்டில் அதன் உட்புறத்தே ஆவித்தடுப்பு வேண்டும். கண்ணறை மூடிய நுரை அடர்ந்தது. 5 சென்டிமீட்டர் கனத்திலேயே ஆவியையும் பெரிதும் தடுத்துவிடும்.

அப்படியாயின் கவலை தீர்ந்ததா? இல்லை. ஆவியை உள்ளே விடாத நுரை, வேறு வழியாகப் புகுந்த நீரையும் எளிதில் வெளியே விடாது. சன்னலோரம் மழைநீர் கசிந்தால், மரம் உட்புறமாக உலர வழியில்லை. ஈரமரத்தின்மீது தெளித்தாலும் அதே கதிதான். கலவை விகிதம் பிழைத்தால் நுரை சுருங்கிச் சட்டத்தை விட்டு விலகும். அவ்விடுக்கில் ஆவி மீண்டும் நுழையும்.

உலர முடியாத சுவரால் விளையும் கேடு சிறிதன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1980-களிலும் 1990-களிலும் எழுந்த பல அடுக்குமாடி வீடுகளில் மழைநீர் புகுந்து சட்டங்கள் அழுகின. அங்கே குற்றம் நுரையுடையதன்று. புகுந்த நீர் வெளியேற வழியில்லாமையே. 1998-இல் பாரெட் விசாரணைக் கமிஷன் இதனை ஆராய்ந்தது. சேமிப்பையெல்லாம் வீட்டில் இட்ட குடும்பங்கள் பழுதுபார்க்கும் செலவால் கடனாளிகளாயின.

ஆகவே நண்பர்களே, சுவரை நனையாமல் காப்பது பாதி வேலை; நனைந்தால் உலர ஒரு பக்கமேனும் வழி விடுவது மறுபாதி. எப்பக்கம் என்பதை அவ்விடத்துத் தட்பவெப்பமே தீர்மானிக்கும். நம் கடற்கரை நகரங்களின் குளிரூட்டிய அறைகளில் ஆவி வெளியிலிருந்து உள்நோக்கி வருகிறது. கனடாவில் செய்வதுபோல் உட்புறத்தே ஆவியைத் தடுத்தால், இங்கே அத்தடுப்பின்மீதே நீர் கட்டும். பிறநாட்டு வரைபடத்தைப் பின்பற்றுமுன், நம் ஊரின் காற்றையும் மழையையும் கணக்கிட்டுப் பார்ப்போமாக.