வீட்டிலேயே மின்னஞ்சல் சர்வரா?

பழைய கணினியில் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் நிறுவுவது ஒரு நாள் வேலை. அனுப்புவதுதான் பெரும்பாடு. டொமைன் வாங்குமுன் இணைய நிறுவனத்திடம் கேளுங்கள்: நிலையான ஐபி தருவார்களா, 25-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா? வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் வழியைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருப்பார்கள். மல்லுக்கட்டாதீர்கள், அனுப்புவதை மட்டும் ஒரு ரிலே சேவையிடம் விடுங்கள். அஞ்சல்பெட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கும், முக்கியம் அதுதானே!

டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் சேர்த்த பிறகு, ஜிமெயிலுக்கு ஒரு மடல் அனுப்பி அதன் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். மூன்றுக்கும் நேரே ‘பாஸ்’ என்றிருக்க வேண்டும்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். அனுப்பிய சர்வர் பொதுவாக நாலைந்து நாள் விடாமல் தட்டிப் பார்க்கும். டிஸ்க் போனால்தான் எல்லாம் போச்சு. தினமும் இரவு வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். வங்கிக்கு மட்டும் முதல் ஆறு மாதம் பழைய முகவரியே இருக்கட்டும்.