நம்ம கடற்கரைக்குக் கறுப்பு மணல் எப்படி வந்தது?

கன்னியாகுமரிக்கு டூர் வருகிறவர்கள் கடையில் கலர் மணல் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தேவியின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் தானியமும் மணலாக மாறிவிட்டது என்று அதற்கு ஒரு கதை உண்டு. கதை நல்ல கதைதான். ஆனால் அந்தச் சிவப்பு மணல் கார்னெட் என்ற கனிமம். கறுப்பு மணல் இல்மனைட். கன்னியாகுமரியில் அது பொட்டலத்தில் விற்கிற வேடிக்கைப் பொருள். மேற்கே முட்டம், கடியப்பட்டணம் தாண்டி மணவாளக்குறிச்சிக்குப் போனால் அதுவே தாது. இந்தியன் ரேர் எர்த்ஸ் என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற அரசு நிறுவனம் (2019-லிருந்து அதன் பெயர் ஐ.ஆர்.இ.எல்.) அதை எடுத்துப் பிரித்து விற்கிறது.

இந்த மணலைப் பற்றி டீக்கடையில் இரண்டு விதமான பேச்சுதான் கேட்கிறேன். ஒன்று, "அதுல ரேடியேஷன் இருக்கு, கேன்சர் வரும்". இன்னொன்று, "அள்ள அள்ளக் குறையாது, அடுத்த மழைக்காலத்துல கடலே கொண்டுவந்து போட்டுரும்". இரண்டு பேச்சிலும் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. இவ்வளவு நீளக் கடற்கரையில் இந்த மணல் இந்த இடத்தில் மட்டும் ஏன் இப்படிக் குவிந்து கிடக்கிறது? அதைத் தெரிந்துகொண்டால் மற்ற இரண்டையும் நாமே யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறையை எடுத்தால் அதில் சராசரியாக 10 கிராம் தோரியம்தான் இருக்கும். அதை யாரும் எடுக்க மாட்டார்கள், செலவு கட்டாது. நம்ம மணலில் உள்ள மோனசைட் என்ற மஞ்சள் நிறக் கனிமத்தில் ஒரு டன்னுக்குச் சுமார் 80 கிலோ தோரியம் இருக்கிறது. எட்டாயிரம் மடங்கு! தோரியத்தைப் புதிதாக யாரும் செய்து இதில் வைக்கவில்லை. மற்றதெல்லாம் விலகிப்போனதால் அது சேர்ந்தது. தாது உருவாவது என்றால் பெரும்பாலும் இதுதான்: ஒரு பொருளைக் கூட்டுவது இல்லை, கூட இருக்கிறதைக் கழிப்பது. நம்ம கரையில் இந்தக் கழித்தல் மூன்று தடவை நடந்திருக்கிறது.

முதல் தடவை நடந்தது பூமிக்கு அடியில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அப்போது இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் நெருங்கி மோதி கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாகச் சேர்ந்துகொண்டிருந்தன. மோதிய இடத்தில் பாறைகள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே அமுங்கி, 800 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெந்தன. வெந்த பாறைகள்தான் இன்றைக்கு நம்ம மலைகளில் நிற்கிற சார்னோகைட், கொண்டலைட். அந்தச் சூட்டில் பழைய கனிமங்கள் கலைந்து புதிதாகப் படிகமாகும்போது, தோரியமும் அரிய மண் உலோகங்களும் குவார்ட்ஸுக்குள்ளோ ஃபெல்ஸ்பாருக்குள்ளோ நுழைய முடியாது. அவற்றின் அயனி பெரிது, மின்சுமையும் அதிகம். கூட்டமான பஸ்ஸில் பெரிய மூட்டையோடு வருகிறவரைக் கண்டக்டர் ஏற்றாத மாதிரி. இடம் கிடைக்காமல் நின்றதெல்லாம் பாஸ்பேட்டோடு சேர்ந்து மோனசைட் ஆனது. சிர்க்கோனியம் சிலிக்காவோடு சேர்ந்து சிர்கான் ஆனது. டைட்டேனியமும் இரும்பும் சேர்ந்து இல்மனைட்.

இரண்டாவது தடவை மேலே, மழையிலும் வெயிலிலும். ஃபெல்ஸ்பார் உளுத்துக் களிமண்ணாகித் தண்ணீரோடு போய்விடும். குவார்ட்ஸ் நிற்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட், சிலிமனைட் ஆகியவையும் எளிதில் மசியாது. நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் இந்த உளுத்தல் நன்றாகவே நடக்கிறது. செம்மண் மேடுகளைப் பார்த்தாலே தெரியும். வள்ளியாறு மாதிரி ஆறுகள் மிகவும் குட்டை. மலையில் கிளம்பினது சீக்கிரமே கடலில்.

மூன்றாவது தடவைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். வீட்டில் அம்மா சுளவில் அரிசி புடைப்பதைக் கவனியுங்கள். உமி முன்னால் பறக்கும், அரிசி பின்னால் தங்கும். தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் அலையும் அதையே செய்கிறது. ஏறிவருகிற அலைக்கு வேகம் அதிகம், எல்லா மணலையும் தூக்கிக்கொண்டு வரும். திரும்புகிற தண்ணீரில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கிவிடும். மீதிக்கு வலு குறைவு. அதனால் லேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். குவார்ட்ஸ் தண்ணீரைப்போல 2.65 மடங்கு கனம். இல்மனைட் 4.7 மடங்கு, மோனசைட் 5 மடங்கு. அதோடு கனமான மணிகள் பொடியாகவும் இருப்பதால் பெரிய மணிகளின் இடுக்கில் பதுங்கிக்கொள்ளும். ஒரு சிரட்டையில் கரை மணலும் தண்ணீரும் எடுத்து மெதுவாகச் சுழற்றி ஊற்றிப் பாருங்கள். கடைசியில் அடியில் தங்குவது கறுப்புதான். ஆலையிலும் முதல் படி இதுவே, திருகு போன்ற பெரிய வாய்க்காலில் ஓடவிட்டுப் பிரிப்பார்கள். அதற்குப் பிறகுதான் காந்தமும் மின்சாரமும்.

இந்த மணலின் மதிப்பு வெளியே தெரிந்தது ஒரு தும்புக் கயிற்றால் என்றால் நம்புவீர்களா? அன்றைக்கு நம்ம பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இங்கிருந்து போன தும்பில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இல் கண்டுபிடித்தார். அப்போது மோனசைட்டுக்கு இருந்த பெரிய தேவை விளக்கு. பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளையாக எரிகிற மேண்டில் இருக்கிறதல்லவா, அது தோரியம் ஆக்சைடில் செய்தது. இன்றைக்கு நிலைமை வேறு. மோனசைட்டில் உள்ள அரிய மண் உலோகங்கள் காந்தங்களுக்குத் தேவை. சிர்கான் டைல்ஸுக்கு. கறுப்பு இல்மனைட்டிலிருந்து எடுப்பது எது தெரியுமா? வெள்ளை பெயிண்டுக்கு வெண்மை தருகிற டைட்டேனியம் டை ஆக்சைடு!

இனி, இந்த மணிகளுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம்.

55 கோடி ஆண்டு என்று மேலே சொன்னேனே, அதை யார் எண்ணினார்கள்? மோனசைட்டே எண்ணிவைத்திருக்கிறது. தோரியம் கதிரியக்கத்தால் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 1,400 கோடி ஆண்டு. மோனசைட் உருவாகும்போது தனக்குள் ஈயத்தை அநேகமாகச் சேர்ப்பதே இல்லை. ஆகவே இன்று உள்ளே இருக்கிற ஈயம் எல்லாம் உள்ளேயே பிறந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இன்று 100 கிராம் தோரியம் இருந்தால், 55 கோடி ஆண்டில் அதனோடு சுமார் 2.5 கிராம் ஈயம் சேர்ந்திருக்க வேண்டும். (யுரேனியமும் கொஞ்சம் இருப்பதால் அதிலிருந்து வரும் ஈயத்தையும் தனியாகச் சேர்க்கணும்.) எலக்ட்ரான் கற்றையை ஒரு மணியின் மேல், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள புள்ளியில் பாய்ச்சினால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். அதை அளந்து எது எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள்.

சிர்கான் இன்னும் அழுத்தக்காரன். நம்ம தெற்குப் பாறைகளின் சிர்கான் மணிகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஓரத்தில் 55 கோடி ஆண்டு வயதும் நடுவில் ஏறத்தாழ 200 கோடி ஆண்டு வயதும் கிடைக்கிறது. அதாவது ஏற்கனவே இருந்த ஒரு பழைய மணியின் மேல் புதிய தோல் வளர்ந்திருக்கிறது. 800 டிகிரியில் வெந்தும் நடு அழியவில்லை. ரவை அளவு கூட இல்லாத ஒரு மணியில் இரண்டு வயது!

அதே மோதலில் வெந்த பாறை இருக்கிற மற்ற ஊர்களிலும் இதேபோல் தாது மணல் கிடைக்கிறது. இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையிலும், மடகாஸ்கரின் தென்கிழக்குக் கரையிலும் இல்மனைட் எடுக்கிறார்கள். நடுவில் கடல் வந்துவிட்டது, மணலின் பூர்வீகம் ஒன்றுதான்.

ஆனால் எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது இல்மனைட்தான். இது பிளஸ் ஒன் வேதியியல் தெரிந்தாலே புரிகிற விஷயம். இல்மனைட் என்பது ஓர் இரும்பு, ஒரு டைட்டேனியம், மூன்று ஆக்சிஜன். அணு எடையைப் போட்டுப் பார்த்தால் அதில் டைட்டேனியம் டை ஆக்சைடு 52.6 சதவீதம் வரணும். ஒடிசாவின் சத்ரபூர் மணலில் சுமார் 50 வருகிறது. மணவாளக்குறிச்சியில் சுமார் 55. நம்ம இடத்திலிருந்து 120 கிலோமீட்டர் வடமேற்கே, கொல்லம் பக்கத்துச் சவறாவில் சுமார் 60! ஒரே கனிமம், ஒரே கடல். பிறகு எப்படி வித்தியாசம்?

இரும்புதான் காரணம். இல்மனைட்டில் இரும்பு +2 நிலையில் இருக்கிறது. ஈரத்திலும் காற்றிலும் நெடுங்காலம் கிடந்தால் அது +3 ஆக மாறும். இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று இரும்பு, ஒவ்வொன்றும் +2, மொத்தம் +6. இரும்பெல்லாம் +3 ஆகிவிட்டால் அதே +6-க்கு இரண்டு இரும்பே போதும். மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை, நிலத்தடி நீரில் கரைந்து வெளியே போய்விடும். டைட்டேனியம் அசையாமல் அங்கேயே இருக்கும். இப்படி மூன்றில் ஒரு பங்கு இரும்பை இழந்த கனிமத்துக்கு சூடோரூட்டைல் என்று பெயர். அதில் டைட்டேனியம் டை ஆக்சைடு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் விடை சரியாக 60 சதவீதம்! (நிஜ மணலில் மாறாத மணி, பாதி மாறிய மணி, முழுக்க மாறிய மணி எல்லாம் கலந்துதான் இருக்கும். அதனால் இது தற்செயலாகவும் பொருந்தியிருக்கலாம்.) ஆக, சவறா மணல் நம்ம மணலை விட அதிகமாக ஊறி உளுத்தது என்று இந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது. விலையும் அப்படியே. இரும்பு குறைந்த இல்மனைட்டில் பெயிண்ட் ஆலைக்குக் கழிவு குறைவு. குரோமியம் கொஞ்சம் இருந்தாலும் வெள்ளை நிறம் கெட்டுவிடும், அதையும் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

இப்போது டீக்கடைப் பேச்சுக்கு வருகிறேன்.

கேன்சர் பேச்சு. மோனசைட் இருப்பதால் இந்தக் கரையில் இயற்கைக் கதிரியக்கம் மற்ற ஊர்களை விட அதிகம், அது உண்மை. சவறா உள்ள கருநாகப்பள்ளித் தாலுகாவில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இயற்கைக் கதிரியக்கம் கூடிய இடத்தில் இருந்தவர்களுக்குக் கேன்சர் கூடியதாக அதில் தெரியவில்லை. இது கரையில் வாழ்கிறவர்களைப் பற்றிய முடிவு. மோனசைட்டைத் தனியாகப் பிரித்துக் கையாளுவது வேறு சங்கதி. அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள்.

குறையாது என்ற பேச்சு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. தனியார் தாது மணல் எடுப்பதைத் தமிழக அரசு 2013-இல் நிறுத்திய சமயத்திலும் இப்படிப் பேசினவர்கள் உண்டு. ஜூன், ஜூலையில் கரை கறுத்துப் போவது நிஜம், நானும் பார்க்கிறேன். ஆனால் அது மலையிலிருந்து அந்த வருஷம் இறங்கின சரக்கு என்று எப்படிச் சொல்ல முடியும்? கரையிலும் கரையையொட்டிய கடலிலும் ஏற்கனவே கிடக்கிற மணலையே அலை மறுபடி புடைக்கிறது. குவார்ட்ஸ் போகிறது, கறுப்பு தெரிகிறது. சுளவில் போட்ட அரிசி புடைக்கப் புடைக்கச் சுத்தமாகும், அளவு கூடாது. நம்ம இல்மனைட்டில் 55 இருப்பதே இந்த மணிகள் புதுச்சரக்கு இல்லை என்று காட்டுகிறது. பாறையிலிருந்து நேற்று உதிர்ந்த மணியாக இருந்தால் இரும்பை இழக்க நேரம் கிடைத்திருக்காது.

ஒருவேளை மலையடிச் செம்மண்ணிலேயே ஊறி, இரும்பை விட்டுவிட்டுத்தான் ஆற்றில் இறங்குகிறதோ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதைச் சோதிக்க வழி இருக்கிறது. வேளிமலை அடிவாரச் செம்மண்ணில் கொஞ்சம், வள்ளியாற்றுப் படுகையில் கொஞ்சம், கடியப்பட்டணம் பொழிமுகத்தில் கொஞ்சம் என்று மூன்று இடத்தில் கறுப்பு மணிகளைத் தனியாகப் பிரித்து எடுத்து, ஒவ்வொன்றிலும் +2 இரும்பு எவ்வளவு, +3 இரும்பு எவ்வளவு என்று பார்க்கணும். மூன்றிலும் ஒரே அளவு வந்தால் ஊறினது மலையடியில். படிப்படியாக மாறிக்கொண்டே வந்தால் ஊறினது கரையில். மணியைக் கரைக்கக் காட்டமான அமிலம் வேண்டும், அதை ஆசிரியர் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. அதற்குப் பிறகு பெர்மாங்கனேட் தரம்பார்த்தல்தான், நாம் ஆய்வகத்தில் செய்கிற அதே பரிசோதனை.