ஈசல்

மழை பெய்து ஓய்ந்த மாலைப் பொழுது. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ உள்ள ஒரு வீட்டுத் தோட்டத்துப் புல்தரை நனைந்து, மண் இளகிக் கிடக்கிறது. விளக்கேற்றும் வேளையில் புல்லிடையே சிறு துளைகள் திறக்கின்றன. அவற்றினின்று சிறகுடைய பூச்சிகள் புகைபோல் எழுந்து விளக்கொளியை நாடுகின்றன. ‘எறும்புக்குச் சிறகு முளைத்துவிட்டது’ என்பர் வீட்டார்.

எறும்பினத்திலும் சிறகுடையவை உண்டு. ஆயினும் எறும்பின் இடை ஒடுங்கியது. உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. ஈசலுக்கோ நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே அளவின, இடை ஒடுங்குவதில்லை, உணர்கொம்பு மணி கோத்தாற்போல் நேராக நீளும். சிறகு முளைத்த கரையானே ஈசல். கரையான் எறும்புக்கு உறவன்று. கரப்பான் பூச்சிக்கு உறவு என்பது உயிரியலார் கண்ட முடிவு. கேட்போர் நம்பத் தயங்குவர். எனினும் உண்மை அதுவே.

புற்றினுள் சிறகு முதிர்ந்த ஈசல்கள் மழைக்காகக் காத்திருக்கும். மழை பெய்தால்தான் மண் இளகும். காற்றும் ஈரம் பெறும். வறண்ட காற்றில் அவற்றின் மெல்லுடல் உலர்ந்துவிடும். காக்கை, கரிச்சான், தவளை, பல்லி ஆகிய யாவும் அவற்றை உண்ணும். ஆயிரக்கணக்கில் ஒருங்கே எழுவதால் அனைத்தும் இரையாவதில்லை, சில தப்பும். தரையில் இறங்கியதும் சிறகுகளை உதிர்த்துவிட்டு, ஆணும் பெண்ணும் இணையாகச் சென்று மண்ணைத் துளைத்துப் புதுக்குடி அமைக்கும். மறுநாட் காலையில் திண்ணையில் குவிந்து கிடப்பன அவ்வாறு உதிர்ந்த சிறகுகளே. ஈசலின் வாழ்வு ஒரு நாள் என்று கூறுவது வழக்கம். தப்பிய பெண் ஈசலோ அரசியாகிப் பல ஆண்டுகள் முட்டையிட்டு வாழும்.

பண்டைத் தமிழர் இதனை ஈயல் என்றனர், உணவாகவும் கொண்டனர். பறம்பு நாட்டின் கார்காலத்தைப் பாடிய கபிலர், செம்புற்றில் எழும் ஈயலையும் புளித்த மோரையும் சேர்த்துச் சமைத்த உணவைப் புறநானூற்றில் குறிக்கிறார். அத்தகைய பாடல்களைத் தாங்கிய ஓலைச்சுவடிகளை அரித்துத் தின்றனவும் கரையான்களே! அவ்வாறு மறைந்த நூல்கள் பல. எஞ்சிய சுவடிகளை ஊர் ஊராகத் தேடி ஒப்பிட்டு ஆராய்ந்த உ. வே. சாமிநாதையர், 1894ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சேற்றினார். அவர் தொகுத்த சுவடிகளைக் காக்க 1943ஆம் ஆண்டில் அடையாற்றில் தொடங்கப்பெற்ற நூலகம், இன்று அதனை அடுத்த பெசன்ட் நகரில் உள்ளது.