மிச்சம் பிடித்த ஒரு வயர்

கேள்வி: பழைய டிவியில் கழற்றிய இரண்டு ஸ்பீக்கர்களை வைத்து கம்ப்யூட்டருக்கு யூ.எஸ்.பி. ஸ்பீக்கர் செய்கிறேன். பிசிஎம்2704 சிப் உள்ள சவுண்ட் போர்டு, பிஏஎம்8403 ஆம்ப் போர்டு, இரண்டும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. பழைய 2 மீட்டர் டேட்டா கேபிளை வெட்டி, அதிலிருந்தே இரண்டுக்கும் கரண்ட் கொடுத்தேன். முதலில் கம்ப்யூட்டர் அடையாளம் காணவில்லை. வெள்ளை, பச்சை வயர்களை இடம் மாற்றி சால்டர் செய்ததும் பாட்டு வந்தது. ஆனால் மவுஸை அசைத்தால் ‘கிர்ர்’ என்கிறது. சத்தத்தைக் கூட்டினால் யூ.எஸ்.பி.யைப் பிடுங்கியதுபோல் பாட்டு நின்றுவிடுகிறது. ஆம்ப் சிப்பில் விரல் வைக்க முடியவில்லை, அப்படிச் சுடுகிறது. இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு வயர்களையும் முறுக்கி ஒரே வயராக்கி, ஆம்பின் இரண்டு மைனஸ் முனைகளிலும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். 2200 மைக்ரோஃபேரட் கண்டன்சர் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறான் நண்பன். போடலாமா?
- கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: முதலில் யூ.எஸ்.பி.யைக் கழற்றுங்கள். கண்டன்சர் கதையைப் பிறகு பார்ப்போம். சூட்டுக்குக் காரணம் நீங்கள் மிச்சம் பிடித்த அந்த ஒரு வயர்.

பழைய டேப் ரெக்கார்டர்களில் ஸ்பீக்கர் மைனஸ் பெரும்பாலும் நேராக கிரவுண்டுக்குப் போகும். அந்தப் பழக்கத்தில்தான் பலரும் கறுப்பு வயர்களை ஒன்றாக்கிவிடுகிறார்கள். பிஏஎம்8403 அந்த ரகம் அல்ல. வெறும் 5 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்துக்கு 3 வாட் வரை தரவேண்டும் என்பதால், ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் சிப்பே ஓட்டுகிறது. பிளஸ் ஏறும்போது மைனஸ் இறங்கும். ‘பிரிட்ஜ்’ இணைப்பு என்பது இதைத்தான். அதாவது மைனஸிலும் சிக்னல் இருக்கிறது. இடது மைனஸையும் வலது மைனஸையும் சேர்த்தால் இரண்டு அவுட்புட்டுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இரு பக்கமும் ஒரே ஒலி வரும்வரை பெரிதாகத் தெரியாது. ஸ்டீரியோவில் வேறுபடும்போது சிப் கொதிக்கும். ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உள்ளே இருப்பதால் இன்னும் பிழைத்திருக்கிறது.

ஸ்பீக்கருக்கு இரண்டாக நான்கு வயர் தனித்தனியே கொடுங்கள். எதுவும் இன்னொன்றையோ கிரவுண்டையோ தொடக்கூடாது. பிறகு பாட்டு போடாமல் ஆன் செய்து, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை போர்டின் கிரவுண்டில் பிடித்தபடி நான்கு ஸ்பீக்கர் முனைகளையும் சிவப்பால் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.5 வோல்ட் காட்டவேண்டும். ஏதாவது ஒன்று 0 அல்லது 5 காட்டி நின்றால் ஆம்ப் போர்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாட்டு நின்றுபோவதற்குக் காரணம் கேபிள். இந்த வகைக் கேபிள்களில் சாதாரணமாக வருவது 28 கேஜ் வயர், மீட்டருக்கு 0.2 ஓமுக்குச் சற்று மேல். 2 மீட்டர் கேபிளில் கரண்ட் போய்வரும் தூரம் 4 மீட்டர், ஆக சுமார் 0.85 ஓம். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தரக்கூடிய 500 மில்லி ஆம்பியரையும் இழுத்தால் 0.4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காலி. மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு மங்குகிறதே, அதே சங்கதி. பேஸ் அடி விழும்போதெல்லாம் வோல்டேஜ் சரிந்து, சவுண்ட் போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது.

மவுஸ் சத்தமும் இந்தக் கேபிள் வழியாகத்தான் வருகிறது. ஆம்பின் கரண்ட் திரும்பிப் போகும் அதே கிரவுண்ட் வயரைத்தான் ஆடியோ சிக்னலும் நம்பியிருக்கிறது. அதில் ஓடும் கம்ப்யூட்டரின் சலசலப்பையும் ஆம்ப் பாட்டென்று எண்ணிப் பெருக்குகிறது.

இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: ஆம்புக்கு மட்டும் தனியாக 5 வோல்ட், 1 ஆம்பியர் ரெண்டு பின் மொபைல் சார்ஜர். சவுண்ட் போர்டு யூ.எஸ்.பி.யிலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே ஆடியோ வயரும் அதன் ஷீல்டும் தவிர வேறு இணைப்பு வேண்டாம். குறிப்பாக, சார்ஜரின் பிளஸ் யூ.எஸ்.பி.யின் சிவப்பு வயரைத் தொடவே கூடாது. கரண்ட் கம்ப்யூட்டருக்குள் திரும்பிப் பாயும். அதன்பிறகும் இரைச்சல் இருந்தால் வேறு சார்ஜர் மாட்டிப் பாருங்கள். மலிவு சார்ஜர்களே சிலசமயம் இரையும். கடைசி வழி, கார் ஸ்டீரியோ கடைகளில் கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்.

இப்போது நண்பரின் கண்டன்சர். யூ.எஸ்.பி. விதிப்படி ஒரு கருவி போர்ட்டின் 5 வோல்ட் லைனில் நேரடியாக வைக்கக்கூடியது 10 மைக்ரோஃபேரட் மட்டுமே. 2200 போட்டால், சொருகிய கணத்தில் போர்ட்டுக்கு அது ஷார்ட் மாதிரிதான். ஆனால் தனி சார்ஜருக்கு மாறியபின், ஆம்ப் போர்டின் பவர் முனையை ஒட்டி 16 வோல்ட், 470 அல்லது 1000 மைக்ரோஃபேரட் போடுங்கள். பேஸுக்கு நல்லது.

வெள்ளை, பச்சை மாறியதில் சேதம் ஒன்றுமில்லை. எந்த டேட்டா வயரில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜ் ஏறியிருக்கிறது என்பதை வைத்தே கம்ப்யூட்டர் கருவியின் வேகத்தைக் கணிக்கிறது. மாற்றிக் கொடுத்தால் 12 மெகாபிட் கருவியை 1.5 மெகாபிட் என்று எண்ணிக் கூப்பிடும், பதில் வராது. முறைப்படி வெள்ளை டேட்டா மைனஸ், பச்சை டேட்டா பிளஸ். மலிவு கேபிள்களில் இந்த நிறங்களை நம்பாதீர்கள். பிளக்கிலிருந்து பஸ்ஸர் வைத்துப் பார்த்தே சால்டர் செய்யுங்கள். சிவப்பும் கறுப்பும் மாறினால் போர்டு பிழைக்காது.

ஸ்பீக்கர் வயர்களைப் பிரிக்கும்போது எது பிளஸ் என்று குழம்பினால், ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே பக்கம் இருக்கட்டும். ஒன்று தலைகீழானால் பேஸ் காணாமல் போகும்.