தள்ளியது யார்? திரையில் தெரியும் காரணமும் உண்மைக் காரணமும்

மாணவர்களே, கணினித் திரையில் ஒரு சிவப்பு வட்டம் இடமிருந்து வலமாக நகர்கிறது. அசையாமல் இருக்கும் நீல வட்டத்தைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. அதே கணத்தில் நீல வட்டம் வலப்புறம் நகரத் தொடங்குகிறது. என்ன நடந்தது? "சிவப்பு நீலத்தைத் தள்ளியது" என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம்.

ஆனால் திரையில் எதுவும் எதையும் தள்ளவில்லை. அங்கே இருப்பவை நிறம் மாறும் படப்புள்ளிகள் மட்டுமே. மோதலும் இல்லை, விசையும் இல்லை. பிறகு ஏன் 'தள்ளியது' போல் தெரிகிறது?

மிஷோட்டின் சுழல்தட்டு

இக்கேள்வியை ஆராய்ந்தவர் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ஆல்பர்ட் மிஷோட். அவர் ஒரு வட்டத்தட்டில் கோடுகளை வரைந்து, அதைச் சுழலவிட்டு, குறுகிய பிளவின் வழியாகப் பார்க்கச் செய்தார். பார்ப்பவர்களுக்கு இரண்டு சிறு கட்டங்கள் நகர்வதுபோல் தெரிந்தது. தம் முடிவுகளை 1946இல் நூலாக வெளியிட்டார்.

முதல் கட்டம் தொட்ட உடனே இரண்டாவது நகர்ந்தால், தள்ளப்பட்டதாகத் தெரிந்தது. இடையில் ஏறத்தாழ 0.2 நொடி தாமதம் புகுந்தால் அந்த உணர்வு மறைந்தது. இரண்டாவது கட்டம் தானாகவே புறப்பட்டதுபோல் தோன்றியது. மாறியது நேரம் மட்டுமே. அதாவது, இடமும் நேரமும் பொருந்தும்போது நம் மூளை 'காரணம்' என்ற உணர்வைத் தானே சேர்க்கிறது.

ஒலியும் கதையும்

இரண்டு வட்டங்கள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று கடந்து செல்வதாக ஓர் அசைவூட்டம். 1997இல் வெளிவந்த ஆய்வொன்றில், அவை சந்திக்கும் கணத்தில் 'டிக்' என்ற சிறு ஒலி சேர்க்கப்பட்டது. உடனே, அவை மோதித் திரும்பியதாகப் பார்த்தவர்கள் அதிகமானார்கள். படத்தில் மாற்றம் எதுவுமில்லை!

1944இல் ஹைடர், சிம்மல் என்ற ஆய்வாளர்கள் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தை 34 பேருக்குக் காட்டினர். ஒருவரே அதை வடிவங்களின் நகர்வாக விவரித்தார். மற்றவர்களோ அவற்றை உயிருள்ளவையாகவே விவரித்தனர். துரத்தல், சண்டை எனக் கதை சொன்னவர்களும் உண்டு. அணு எலெக்ட்ரானைப் பெற 'ஆசைப்படுகிறது' என்று நாம் விடைத்தாளில் எழுதுவதும் இதே பழக்கத்தால்தான். அணுவுக்கு ஆசை கிடையாது.

கண் தவறவிடுவது

இப்போது உண்மையான மோதலுக்கு வருவோம். வழவழப்பான மேசையில் ஒரு 50 சென் நாணயத்தைச் சுண்டி, மற்றொரு 50 சென் நாணயத்தின் மீது நேராக மோதவிடுங்கள். முதல் நாணயம் ஏறக்குறைய நின்றுவிடும், இரண்டாவது நகரும். "முதலாவது இரண்டாவதைத் தள்ளியது" என்போம். அப்படியானால் முதல் நாணயத்தை நிறுத்தியது எது?

இரண்டாவது நாணயம்தான்! நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, இரண்டும் ஒன்றின்மீது ஒன்று சம அளவு விசையை எதிரெதிர்த் திசைகளில் செலுத்துகின்றன. நம் கண்ணோ 'தள்ளியவர்', 'தள்ளப்பட்டவர்' என்று பிரித்துப் பாதியை மட்டுமே காண்கிறது. திரையில் இல்லாத விசையைச் சேர்க்கும் மூளை, மேசையில் இருக்கும் விசையைத் தவறவிடுகிறது. பலருக்கு மூன்றாம் விதி குழப்பமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்து பாருங்கள்

1. பவர்பாயிண்டில் இரண்டு வட்டங்களை வரையுங்கள். முதல் வட்டத்தின் பாதை இரண்டாவதைத் தொட்டு முடியட்டும். அது முடிந்ததும் இரண்டாவது நகரட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் குறையும் அமைப்பை நீக்கிவிடுங்கள்.
2. தாமதத்தை 0, 0.5, 1 நொடி என மாற்றி மூன்று படங்கள் தயாரியுங்கள்.
3. நண்பர்களிடம் காட்டி, "என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். 'தள்ளியது' என்ற சொல்லை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இதில் தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது? எவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும்?

அசைவூட்டம் பாடத்தை விளக்க உதவும். ஆனால் அது சான்று ஆகாது. ஒரு காணொளியில் ஒன்றை அடுத்து மற்றொன்று நடந்தால், "முதலாவது இல்லாவிட்டாலும் இரண்டாவது நடந்திருக்குமா?" என்று கேளுங்கள். அதைச் சோதித்தறியத்தான் ஆய்வுக்கூடம் இருக்கிறது.