அத்தாவின் சினேகிதர்களுக்கு நாம் பட்ட கடன்

தாய் தந்தையர் உயிரோடிருக்கும்போது அவர்களுக்குச் செய்ய வேண்டிய பணிவிடைகளைப் பற்றி ஜும்ஆ பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அவர்கள் மவுத்தான பின்னர் நம் கடமை என்ன? அடக்கம் செய்து, துஆ ஓதி, ஏழைகளுக்குச் சோறு போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம்.

இதே கேள்வியை பனூ ஸலமா கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். அதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஐந்து காரியங்களை எடுத்துரைத்தார்கள். பெற்றோருக்காக துஆச் செய்வது, அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடுவது, அவர்கள் கொடுத்த வாக்குகளை நிறைவேற்றுவது, அவர்கள் வழியாக வந்த உறவினரோடு சேர்ந்திருப்பது, அவர்களுடைய சினேகிதர்களைக் கண்ணியப்படுத்துவது. அபூ உஸைத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது.

முதல் இரண்டையும் வீட்டிலிருந்தபடியே செய்துவிடலாம். மூன்றாவதைச் செய்ய, அத்தா யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்பது தெரிய வேண்டும். அது யாருக்குத் தெரியும்? மகனிடம் சொல்லாத கைமாற்றுக் கடனும், மனைவியிடம் சொல்லாத நேர்ச்சையும் சினேகிதருக்குத்தான் தெரிந்திருக்கும். ஆகவே ஐந்தாவது கடமையை விட்டவருக்கு மூன்றாவதும் கைநழுவிப் போகக்கூடும். இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைச் சந்தித்தார்கள். தாம் ஏறி வந்த கழுதையையும், தலையில் கட்டியிருந்த தலைப்பாகையையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். "இவர் கொஞ்சம் கொடுத்தாலே மகிழ்வாரே" என்ற கருத்தில் உடனிருந்தவர்கள் கேட்டார்கள். அம்மனிதரின் தகப்பனார் தம் தந்தை உமர் (ரலி) அவர்களுக்கு நேசராக இருந்தார் என்பதுதான் இப்னு உமர் சொன்ன காரணம். தந்தையின் நேசர் குடும்பத்தோடு உறவு காப்பது நன்மையிலெல்லாம் மேலான நன்மை என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதாகவும் கூறினார்கள். இது முஸ்லிமில் உள்ள ஹதீஸ்.

இக்கடமை ஆண்களின் சினேகிதத்துக்கு மட்டும் உரியதன்று. கதீஜா நாயகி (ரலி) அவர்கள் மறைந்த பின்னரும், நாயகம் (ஸல்) அவர்கள் ஆடு அறுத்தால் அதில் ஒரு பங்கைக் கதீஜாவின் தோழியருக்கு அனுப்பி வைப்பார்கள். நம் அம்மாவோடு கிணற்றடியில் பேசி, பிரசவத்துக்குத் துணைக்கு வந்து, நம்மை இடுப்பில் தூக்கித் திரிந்த அந்தப் பாட்டிமாருக்கு நம் குர்பானிப் பங்கு போகிறதா?

நம் பக்கத்து நிலையை எண்ணிப் பாருங்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமாவதற்கு முன்னர் இரண்டும் தென்னாற்காடு ஜில்லாவின் ஊர்கள். மீட்டர் கேஜ் ரயிலில் மயிலம், விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையம் நிலையமாக ஒன்றாகப் பயணம் செய்து வளர்ந்த சினேகிதங்கள் பல உண்டு. இன்று ஒருவர் திண்டிவனத்தில் மகன் வீட்டிலும், மற்றவர் விழுப்புரத்தில் மகள் வீட்டிலும் இருப்பார். பஸ் ஏற ஒருவருக்கு முழங்கால் இடம் தராது; டெலிபோனில் பேச மற்றவருக்குக் காது கேளாது. பிள்ளைகளுக்கோ நேரமில்லை. கடைசியில் ஒருவரின் மவுத்துச் செய்தி மற்றவருக்கு அடக்கம் முடிந்த பிறகே எட்டுகிறது. ஜனாஸாவில் நிற்க வேண்டியவரை நிற்கவிடாமல் செய்தது யார்?

முதுமையில் மறதியும் வந்து சேர்கிறது. அறிந்தவற்றையெல்லாம் அறியாதவராகிவிடும் தள்ளாத வயதைப் பற்றித் திருக்குர்ஆன் (16:70) எச்சரிக்கிறது. அந்நிலையிலிருந்து நாயகம் (ஸல்) அவர்களே பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். "இப்போதுதானே தொழுதீர்கள்" என்று பெரியவரை அதட்டுவது பெரும் பிழை. அறிவு தவறியவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது ஹதீஸ். அவரிடம் அல்லாஹ் கணக்குக் கேட்காதபோது நாம் ஏன் கேட்க வேண்டும்? சில வேளை தெளிவும் சில வேளை தடுமாற்றமும் உள்ளவரின் தொழுகை, நோன்பு பற்றி உள்ளூர் ஆலிமிடம் விளக்கம் பெறுக.

மறதியெல்லாம் வயதினால்தான் என்று விட்டுவிடவும் கூடாது. தைராய்டுக் குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அழைத்துச் சென்று காட்டுவதும் பணிவிடையே.

மறதி நோயில் பெரும்பாலும் அண்மையில் நடந்தவையே முதலில் அழிகின்றன. இளமைக்கால நினைவுகள் நெடுநாள் தங்குகின்றன. காலையில் சாப்பிட்டதை மறந்தவர், மத்ரஸாவில் பக்கத்தில் அமர்ந்து ஓதியவரைப் பெயர் சொல்லி அழைப்பதும் உண்டு. பழைய சினேகிதரின் வருகை அவருக்கு மருந்தாகாது. ஆனால் தம்மைத் தாமாக அறிந்த ஒருவர் அருகில் இருக்கும் ஆறுதல் கிடைக்கும்.

ஆகவே இந்த மாதமே சில காரியங்களைத் தொடங்குவோம். அத்தா, அம்மாவிடம் அமர்ந்து, அவர்களுடைய சினேகிதர்களின் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம். கொடுக்கல் வாங்கல், அமானிதம், நேர்ச்சை ஆகியவற்றையும் நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிக்கொள்வோம். கடனை எழுதி வைக்கும்படி குர்ஆனே (2:282) பணிக்கிறது. பெருநாளுக்கு மறுநாள் பெரியவரை அவருடைய சினேகிதர் வீட்டுக்கு அழைத்துப் போவோம். அவர் போய்விட்டிருந்தால் பிள்ளைகளையாவது கூட்டிச் சென்று, "இவர் உன் தாதாவின் கூட்டாளி, ஸலாம் சொல்" என்று காட்டுவோம்.

அந்தச் சினேகிதர் மாற்று மதத்தவராயிருந்தால்? வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அத்தாவோடு கடையில் முப்பது ஆண்டு பழகியவரும் கண்ணியத்துக்கு உரியவரே.

நாமும் ஒரு நாள் மூலையில் அமர்ந்து வாசலைப் பார்த்திருப்போம். நம் பிள்ளைகள் நம் சினேகிதரை அழைத்து வருவார்களா என்பது, இன்று அவர்கள் நம்மிடம் காண்பதைப் பொறுத்தது. பெற்றோரின் நேசத்தைக் காக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.