லாரியின் இன்சூரன்ஸ் மரத்தில் ஏறாது

உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், பூப்பாறை பக்கம் மரவேலை நடக்கும் இடங்களில் ஒரு பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது: "லாரிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, ஆளுக்கு எதுனாலும் அதுல கிடைச்சிரும்." மர வியாபாரி இதைச் சொல்கிறார், மேஸ்திரி சொல்கிறார், தோட்ட முதலாளி தலையாட்டுகிறார். உயிரைப் பணயம் வைத்து உச்சிக்கிளையில் நிற்பவரும் நம்பிவிடுகிறார். இவ்வளவு ஆபத்தான ஒரு புளுகு இத்தனை வருடம் உயிரோடு இருப்பது வெட்கக்கேடு. சில்வர் ஓக் இறக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். மிளகுக்கொடி சுற்றிய மரத்தின் மேல் ஒருவர் கிளை கழிக்கிறார். அடியில் ஒருவர் மெஷின் ரம்பத்தோடு காத்திருக்கிறார். தடி ஏலச்செடிகளின் மேல் சாயாதிருக்க இருவர் எதிர்ச்சரிவில் வடத்தை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். லாரியோ மேலே ரோட்டோரம் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கிறது. கயிறு அறுந்து ஒருவர் கீழே விழுந்தால் அந்த லாரிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? மோட்டார் பாலிசி பேசுவது வாகனத்தைப் பயன்படுத்தியதால் நேர்ந்த விபத்தைப் பற்றி. டிரைவரும் கிளீனரும் அதில் வருவார்கள். ஏற்றி இறக்கும் ஆட்களுக்குத் தனிப் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. கட்டியிருந்தாலும் அது தடியை ஏற்றுகிறவருக்கு. மரத்தில் ஏறுகிறவருக்கு இல்லை.

சரி, வேலை முடிந்து லோடின் மேல் உட்கார்ந்து போகும்போதாவது லாரி பாலிசி காக்குமா? அதுவும் நம்ப முடியாத நம்பிக்கை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிக்கொண்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2002இல் சொல்லிவிட்டார்கள். சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் மட்டும் 1994 திருத்தம் இடம் கொடுத்தது. அவரும் கேபினுக்குள் உட்கார்ந்து வந்திருக்க வேண்டும் என்று 2007இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. தடிகளின் மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலைவளைவுகளில் இறங்குகிறவர் இதில் எந்தக் கணக்கில் வருகிறார்? "கோர்ட்டு எப்படியும் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லும்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. சில வழக்குகளில் அப்படி உத்தரவு வந்தது உண்மை. அதே உத்தரவின் அடுத்த வரி, கட்டிய பணத்தை வண்டிக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பது. கடைசியில் ஜப்திக்கு வருவது வண்டிக்காரரின் வீடும் நிலமும்தான். மரத்திலிருந்து விழுந்த கேஸில் அந்த முதல் வரிக்கும் வழியில்லை, வாகனமே அதில் இல்லாததால்.

மரம் வெட்டுபவரைக் காக்கும் சட்டம் வேறு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் அட்டவணையில் மரம் வெட்டுவதையும் ஏலத்தோட்ட வேலையையும் பெயர் சொல்லியே சேர்த்தது. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. முதலாளியின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. அந்தப் பொறுப்பின் அளவைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2020 ஜனவரியில் நிர்ணயித்த உச்சவரம்புப்படி மாதக் கூலி 15,000 ரூபாய் வரை கணக்கில் எடுப்பார்கள். இறந்துபோனால் அதில் பாதி, 7,500. நாற்பது வயதுக்காரருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கெண் 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி, காரணமின்றி இழுத்தடித்தால் இழப்பீட்டில் பாதி வரை அபராதம். அந்த அபராதத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், கம்பெனி தலையில் கட்ட முடியாது என்று 1997இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஒரு லோடு தடி விற்ற காசு இதற்கு எம்மட்டு?

இந்த இடத்தில் முதலாளிமார் மூன்று சாக்கு வைத்திருக்கிறார்கள். "அவர் தினக்கூலி, நிரந்தர ஆளா?" என்பது முதல் சாக்கு. தற்காலிக ஆளை ஒதுக்கி வைத்த வாசகத்தை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. கால் நூற்றாண்டாக இந்தச் சாக்கு செத்த சாக்கு. "மேஸ்திரிக்கு கான்ட்ராக்ட் கொடுத்துட்டேன்" என்பது அடுத்தது. தன் தொழிலுக்கான வேலையை, தன் கையிலுள்ள இடத்தில், ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்தாலும் முதன்மை முதலாளிதான் இழப்பீடு கட்ட வேண்டும். பிறகு மேஸ்திரியிடம் வசூலிக்கலாம்; மேஸ்திரியிடம் என்ன இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். நின்ற மரத்தை மொத்தமாக விற்றுவிட்ட தோட்டக்காரருக்கு வாதாட இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏலத்துக்கு வெளிச்சம் வேண்டி நிழல் மரங்களைக் கழிக்கச் சொன்னவருக்கு அந்த வாதம் உதவாது. மூன்றாவது சாக்கு, "தமிழ்நாட்டு ஆள், கேஸ் போட இங்கே வரவா போகிறார்?" என்பது. போடி மெட்டு, கம்பம் மெட்டு வழியாக விடியற்காலை ஜீப்பில் வந்து இருட்டும்போது திரும்புகிறவர்களைப் பற்றிய ஈவிரக்கமற்ற கணக்கு அது, தப்புக் கணக்கும்கூட. 1995 திருத்தத்துக்குப் பிறகு, குடும்பம் வசிக்கும் ஊருக்குரிய ஆணையரிடமே மனு கொடுக்கலாம். போடிக்காரர் போடியிலிருந்தபடியே கேஸ் நடத்துவார். வக்கீல் வைத்துக்கொண்டு மலையிறங்கிப் போக வேண்டியவர் முதலாளி.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கிரேனுக்கு மோட்டார் பாலிசி இருந்தால் தடி தூக்கும்போது கவிழ்ந்தாலும் கிடைக்கும் என்பது தவறு: கருவியாக வேலை செய்யும்போது கவிழ்வதை மோட்டார் பாலிசி வழக்கமாக விலக்கியே வைக்கிறது, கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். டிரைவரிடம் பேட்ஜ் இல்லையென்றால் கிளைம் போச்சு என்பதும் இப்போது முழு உண்மை இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு சாதாரண இலகுரக லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. பேங்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடு 2 லட்சம் தரும். நல்லது, எல்லாரும் சேருங்கள். ஆனால் அது தொழிலாளி தன் காசில் வாங்கியது. முதலாளி தர வேண்டியதில் ஒரு பைசா அதனால் குறையாது.

தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி வாங்கியவர்களும் ஒரு காரியத்தில் கோட்டை விடுகிறார்கள். இந்த பாலிசியின் பிரீமியம், எத்தனை ஆள், என்ன வேலை, வருடத்துக்கு எவ்வளவு கூலி என்று நாம் எழுதிக் கொடுப்பதை வைத்துப் போடப்படுகிறது. இரண்டு ஆளைக் காட்டிவிட்டு ஆறு ஆளை இறக்கினால், "தோட்ட வேலை" என்று எழுதிவிட்டு மரத்தில் ஏற்றினால், கம்பெனி மறுப்பதற்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்தது போல ஆகும். ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, பெயர், வயது, வேலை, கூலி, கையெழுத்து, அவ்வளவுதான். கைரேகையானாலும் சரி. கூலியைக் கையில் கொடுத்துவிட்டு எந்தத் தடயமும் வைக்காத பழக்கம்தான் இந்த மலையில் இழப்பீட்டு வழக்குகளைக் கெடுக்கிறது. வயதும் கூலியும் தெரியாமல் மேலே போட்ட கணக்கை யாரும் போட முடியாது. ஒவ்வொரு மேஸ்திரியின் கையிலும் இப்படி ஒரு நோட்டு இருக்க வேண்டும், அது தமிழில் இருக்க வேண்டும், வேலையாள் அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மழைக்கு முந்தைய கழிப்பு வேலை தொடங்குமுன் வீட்டிலிருக்கும் பாலிசியை எடுத்துப் பிரியுங்கள். தொழிலாளர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அப்படி ஒரு கட்டமே இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது லாரியின் பாலிசி. மரத்துக்கு ஆளை ஏற்றாதீர்கள்.